பாசி சாரும் என் சிமெண்டுத் தொட்டியும்

அஞ்சாம் வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டவன் நான். அதற்குப் பிறகு கட்டியதைச் சொல்கிறேன். பாபநாசம் ரோட்டில் ஒரு ரைஸ் மில், அதன் மேல் ஒரு மாடி, உப்புத் தண்ணீர்தான் வரும் என்று ஊரே சத்தியம் செய்த திடலில் ஒரு போர் செட், அதன் வாயில் ஒரு சிமெண்டுத் தொட்டி. இதில் உலகப் புகழ் பெற்றது தொட்டிதான். புகழ் என்னிடம் வந்து சேரவில்லை என்பது வேறு விஷயம்.

எல்லாம் மாடியில் குடியிருந்த பாசி சாரால் வந்தது. காவிரி பாயும் இடமெல்லாம் தேடினாலும் அப்படி ஒரு நிலைகொள்ளாத மனிதர் கிடைக்கமாட்டார். கும்பகோணத்தில் காலேஜ் வாத்தியார். மற்றவர்கள் சட்டைப் பையில் பேனா வைப்பார்கள்; அவர் டூத் பிரஷ் வைத்திருப்பார். படித்துறை, மதகு, படுத்திருக்கும் எருமையின் முதுகு, எதில் பழுப்பாக வழவழப்பு தெரிந்தாலும் தேய்த்தெடுத்து பாட்டிலில் போட்டுக்கொள்வார். பஸ்ஸில் ஏறினால் அடுத்த வாய்க்காலில் இறங்கிவிடுவார். சாப்பிட உட்கார்ந்தால் ரசம் வருவதற்குள் எழுந்துவிடுவார்.

ஒரு நாள் மாடியிலிருந்து ஆசிட் நெடி. ஏறிப்போனேன்.

"என்ன சார், என் மாடியைக் கரைக்கிறீங்களா?"

"பாசியோட சதையைக் கரைக்கிறேங்க. அப்பத்தான் உள்ள இருக்கிற கண்ணாடிக் கூடு தெரியும்."

என் தலையைப் பிடித்து மைக்ராஸ்கோப்பில் வைத்தார். முதலில் தெரிந்தது என் கண்ணிமை. பிறகு படகு படகாகக் கண்ணாடி, இரண்டு ஓரமும் சீப்புப் பல் மாதிரி கோடு.

"இதுக்கு நடுவுல ஒரு புள்ளி இருக்கா?"

"இருக்கு."

"பக்கத்துல இருக்கிறதுக்கு?"

"இல்லை."

"அதாங்க. ரெண்டும் வேற வேற ரகம். வெளிநாட்டுப் பெரியவங்க ஒத்துக்க மாட்டேங்கிறாங்க. ஒரே ரகம்தான், சில மாசத்துல புள்ளி மறைஞ்சிடும்கிறாங்க. ரெண்டும் சேர்ந்து வளர்ற இடம் உங்க தொட்டியோட தெற்கு மூலைதான். எல்லா மாசமும் எடுத்துப் பார்த்துட்டேன். தை மட்டும் பாக்கி. அதுலயும் இந்தப் புள்ளி இல்லாததுக்குப் புள்ளி வரலைன்னா நான் ஜெயிச்சேன்."

எனக்குப் புரிந்தது. விதை நெல் வயலில் வேறு ரகம் கலந்து நின்றால் கலவன் என்று பிடுங்குகிறவன் நான்.

அந்த வருஷம் மகளுக்குத் தலைப்பொங்கல். மாப்பிள்ளையோடு சம்பந்தியும் வருவதாகச் சொல்லிவிட்டார். போகிக்கு முன்னால் எங்கள் பக்கம் எதையும் சுரண்டாமல், சுண்ணாம்பு அடிக்காமல் விடமாட்டார்கள். என் வீட்டுக்காரி தொட்டிக்கும் ஆளை அனுப்பிவிட்டாள். நான் போய்ப் பார்த்தால் பாசி சார் பேண்ட் சட்டையோடு தொட்டிக்குள் உட்கார்ந்திருக்கிறார்.

"வெளிய வாங்க சார், மார்கழிப் பனி."

"சுண்ணாம்பு வாளி போகட்டும், வர்றேன்."

பின்னாலேயே வந்தாள் வீட்டுக்காரி. "என்னங்க, சம்பந்தி குளிக்கிற தொட்டி. வழுக்கி விழுந்தா யார் பதில் சொல்றது, பாசியா?"

"நாத்தங்காலைப் பாதியில யாராவது உழுவாங்களா? தை பொறந்து சார் எடுத்துக்கட்டும், அப்புறம் அடிச்சுக்கலாம்."

அன்றிலிருந்து பொங்கல் வரை என் காபியில் சர்க்கரை இல்லை.

பொங்கல் காலை. பாசி சார் பிரஷோடு வருவதற்குள் சம்பந்தி துண்டைக் கட்டிக்கொண்டு தெற்கு மூலையில் ஏறிவிட்டார்.

"அங்க கால் வைக்காதீங்க, பார்த்து, பார்த்து" என்று ஓடி வந்தார் சார்.

"உங்க ஆளுங்களுக்குத்தான் என்ன அக்கறை" என்று சம்பந்தி என் பக்கம் திரும்பினார். திரும்பினவர் அப்படியே வழுக்கித் தண்ணீருக்குள் உட்கார்ந்தார். சாரும் குதித்தார். தூக்கிவிடத்தான் என்று நினைத்தோம். அவர் சம்பந்தியின் காலைப் பிடித்து, குதிகாலில் ஒட்டியிருந்த பழுப்பை பிரஷால் பதமாகத் தேய்த்து பாட்டிலில் இறக்கினார்.

சம்பந்தி கண் கலங்கிவிட்டார். வீட்டுக்குள் வந்ததும் என் மகளிடம், "உங்க ஊர்ல காலைக்கூடக் கழுவிவிடுறாங்கம்மா" என்றார். நான் மறுக்கவில்லை.

மத்தியானம் சார் மாடியிலிருந்து இறங்கி வந்தார். "புள்ளி இல்லைங்க" என்றார். இலையில் உட்கார்ந்தார். சாம்பார், ரசம், பாயசம், மோர் வரை எழுந்திருக்கவில்லை.

பிறகு வேறு ஊருக்கு மாற்றலாகிப் போய்விட்டார். புது ரகத்தைப் பற்றி அச்சில் வந்ததை அனுப்பியிருந்தார். மகளை விட்டுப் படிக்கச் சொன்னேன். பாசி கிடைத்த இடம், 'ஒரு சிமெண்டுத் தொட்டி'யாம். யார் கட்டிய தொட்டி? யார் சர்க்கரையில்லாத காபி குடித்துக் காப்பாற்றிய பாசி?

அடுத்த தடவை அச்சடிக்கும்போது என் பெயர் வந்தாக வேண்டும். முடியாது என்றால் பாசி சார் நேரில் வந்து சொல்லட்டும். வரும்போது பிரஷையும் எடுத்து வரட்டும். தெற்கு மூலைக்கு நான் இன்னும் சுண்ணாம்பு அடிக்கவில்லை.