மருமகன் தந்த செற்

மயிலிட்டி,
திங்கட்கிழமை.

அன்பும் மதிப்பும் நிறைந்த மருமகன் ஜெயரூபன் அவர்களுக்கு, மாமா பரமலிங்கம் தன் கையாலேயே எழுதுவது. கடலும் நாங்களும் சுகம். கனடாக் குளிரில் நீங்களும் மகளும் சுகமாயிருக்க நகுலேஸ்வரரை வேண்டுகிறேன். எழுபத்தொரு வயதில் எழுத்துப் படித்தவனின் முதற்கடிதம் இது. இவ்வளவு எழுதவே ஒரு காலைப்பொழுது போய்விட்டது. சந்தோசம்.

நீங்கள் அனுப்பிய, கையில் பிடித்துக் கதைக்கிற வயர்லெஸ் செற் கிடைத்தது. கரையிலிருந்து வள்ளங்களுக்குக் காற்றும் மழையும் சொல்வது கடற்றொழிலாளர் சங்கத்தில் என் வேலை என்பதால், அதைச் சங்கத்தின் பழைய செற்றுக்குப் பக்கத்திலேயே வைத்தேன். உங்களுடையதில் லைற் இருக்கிறது, பாட்டு இருக்கிறது, நூற்றியிருபத்தெட்டுச் சனல் இருக்கிறது. சங்கத்தினதில் ஒரு திருகும் ஒரு பொத்தானும்தான், செங்கல் போலப் பாரம். மாறிப் போகாதிருக்க எது யாருடையதென்று இரண்டின் முகத்திலும் நானே எழுதி ஒட்டினேன். புதன்கிழமை வாடைக்காற்றுக் கிளம்ப, உங்கள் செற்றை எடுத்து, வள்ளத்தில் நின்ற அருட்செல்வனைத் திரும்பி வரச்சொல்லி அரைமணி நேரம் கத்தினேன். அவன் பாதி வலையைக் கடலுக்குக் கொடுத்துவிட்டு, நனைந்த கோழியாய் வந்து கேட்கிறான், "கரையிலை நிண்டு செற்றிலை முனகினது ஆர், பரமண்ணை? பேயாக்குமெண்டு நான் இன்னும் ஆழத்துக்கெல்லோ போனனான்."

மருதனார்மடத்தில் செற் திருத்துகிறவர் இரண்டையும் பின்பக்கம் கழற்றிப் பார்த்தார்.

"ஐயா, உந்த லைற் போட்டது பொழுதுபோக்குக்குக் கதைக்கிறவையின்ரை செற். காசை வெளியிலை போட்டு உள்ளுக்கை மிச்சம் பிடிச்சிருக்கிறாங்கள். எல்லா வேலைக்கும் ஒரு சிப்தான். மற்றது தொழிலுக்குக் கதைக்கிறது. வேண்டாத சத்தத்தை வடிக்க மட்டும் எத்தினை தட்டு, பாருங்கோ."

"என்ரை மருமகனும் பொழுதுபோக்குக்குத்தான் கதைக்கிறவர்."

"அப்ப சரி."

எங்கடை ஊர்க் கலியாணமும் இப்ப உப்பிடித்தான், வாசலிலை ஆயிரம் லைற், உள்ளுக்கை பருப்பு வேகேல்லை. வெள்ளிக்கிழமைச் சங்கக் கூட்டத்தில் உங்கள் செற்றை விலக்கப் போகிறார்கள். எனக்குத் தலைக்குனிவுதான். ஆனாலும் ஒருவன் கடலில் நிற்கும்போது மருமகன் முகம் பார்க்க ஏலாது. இனி அனுப்புவதென்றால் ஒரு திருகோடு, பாரமாய் அனுப்புங்கோ.

உங்கள் வீட்டில் அடுப்பும் சிரிப்பும் அணையாதிருக்க ஆசீர்வதிக்கும்,
மாமா பரமலிங்கம்

பிற்குறிப்பு: பிழை திருத்த இதை, எனக்கு எழுத்துப் படிப்பித்த றஜிதா ரீச்சரிடம் கொண்டு போனபோது, என் எழுத்தைக் காட்ட உங்கள் செற்றையும் கொண்டு போனேன். "இதிலை கதைக்கிற ஓட்டை எங்கை, ஐயா?" என்று கேட்டார். சங்கத்துச் செற்றுக்கு முகம் முழுக்க ஓட்டை. உங்களுடையதற்குக் குண்டூசி முனையளவில் ஒன்றே ஒன்று. அதன்மேல்தான் 'மருமகன் ஜெயரூபன் தந்தது' என்று ஒட்டியிருக்கிறேன். ஆகையால் மேலே எழுதியதை வாசிக்க வேண்டாம். அந்தத் துண்டை உரிக்கப் பார்த்தோம், மூலை கிழியத் தொடங்கியது, விட்டுவிட்டோம். என் பெயருக்குப் பிறகு நான் எழுதிய முதற்பெயர் உங்களுடையது. அந்த எழுத்தில் ஒரு பிழையுமில்லையென்று ரீச்சரே சொன்னார். வெள்ளிக்கிழமை பழைய செற்றுக்கே கை உயர்த்துவேன்.