பின்னுக்குப் போகாத கார்

தாய்மாமன்மாருக்கு என்று ஒரு வியாதி உண்டு. மருமகனின் கலியாணத்தில் மாப்பிள்ளையைவிடத் தாங்கள் கொஞ்சம் எடுப்பாகத் தெரிய வேண்டும். சிலர் அதற்காக விரலுக்கு விரல் மோதிரம் போடுவார்கள். சிலர் தலைக்கு மை பூசுவார்கள். சிலர் ஒலிவாங்கியைப் பிடித்தால் சாப்பாடு ஆறும்வரை விடமாட்டார்கள். இவையெல்லாம் ஆருக்கும் சேதமில்லாத வழிகள். நான் கார் கொண்டுபோனேன்.

சாதாரணக் கார் என்றால் இதை எழுத வேண்டி வந்திராது. அறுபதுகளில் அமெரிக்காவில் செய்த பெரிய கார் அது. கம்பனியின் பெயரைச் சொல்லமாட்டேன். அதற்கு இன்னும் பக்தர்கள் இருக்கிறார்கள், அதோடு நடந்ததற்குக் கம்பனி பொறுப்பும் இல்லை. இரண்டே கதவு, ஒவ்வொன்றும் கோயில் கேற் அளவு. முன்னுக்கும் பின்னுக்கும் சோபா மாதிரி நீட்டு இருக்கை. டிக்கியைத் திறந்து பார்க்கிற, வீட்டின் நிலவறையை வாடகைக்கு விட்டே பழகிய ஸ்காபரோக்காரர் எவருக்கும், இதை ஒரு பேஸ்மென்ற் என்று வாடகைக்கு விடலாமே என்ற யோசனைதான் முதலில் வரும்.

ரொறொன்ரோவுக்கு வடக்கே ஒரு பண்ணையில் அதைக் கண்டெடுத்தேன். கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில் நின்றது. கோழிகளுக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லை போலும், பின் இருக்கையிலும் முட்டை கிடந்தது. நான் காரை இழுத்துக்கொண்டு போகும்போது பண்ணைக்காரரின் கண் கலங்கியிருந்தது. பிரிவுத் துயரம் என்று நினைத்தேன். (ஆனந்தக் கண்ணீர் என்று இப்போது தெரியும்.)

மல்வேர்னில் எங்கள் வீட்டு வாசலில் வைத்துச் சில வருடங்கள் அதற்கு வைத்தியம் பார்த்தேன். துருவைச் சுரண்டினேன். சுரண்டச் சுரண்டத் துரு போனது, கூடவே காரும் கொஞ்சம் கொஞ்சமாகப் போனது. போன இடங்களுக்குத் தகரம் வைத்து ஒட்டினேன். என் மனைவி வனிதாவிடம் தொலைபேசியில் யாராவது "அண்ணை எங்கை?" என்று கேட்டால், "காருக்குக் கீழை" என்பாள். கொஞ்ச நாளில் ஆட்கள் அதைக் கேட்பதையே விட்டுவிட்டார்கள்.

கடைசியில் கார் ஓடியது. ஆனால் ஒரு மாரிகாலத்துப் பனி முடிந்து வெளியே எடுத்தபோது ரிவேர்ஸ் கியர் செத்துப்போயிருந்தது. மற்றதெல்லாம் வேலை செய்தது. முன்னுக்குப் போகச் சொன்னால் போகும். பின்னுக்குப் போகச் சொன்னால் உறுமிக்கொண்டு அப்படியே நிற்கும். என் சொந்தக்காரர் பாதிப்பேரின் சுபாவமும் அதுதான் என்பதால் ஆரம்பத்தில் எனக்குப் பெரிதாகப் படவில்லை.

திருத்துகிற பையன் கையைத் துடைத்துக்கொண்டு சொன்னான்.

"அண்ணை, கியர் பெட்டியைக் கழட்டினால் சாமான் அமெரிக்காவிலையிருந்து வரோணும். உங்கடை மருமகன்ரை கலியாணத்துக்கு முதல் ஒரு வேலைதான் முடியும். கியர் பெட்டியோ, பெயின்ரோ, ஒண்டைச் சொல்லுங்கோ."

"பெயின்ற்," என்றேன். யோசிக்கக்கூட இல்லை.

நான் மிசிசாகாவில் விமான நிலையச் சரக்குக் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன். வேலை நேரத்தில் பாதிப்பொழுது பின்னுக்குத்தான் ஓடுவேன். வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால் என் சொந்தக் காரை ஒரு அடி பின்னுக்கு எடுக்க வக்கில்லை. முன்னால் நுழைந்து முன்னாலேயே வெளியே வரக்கூடிய இடங்களில் மட்டும் நிறுத்தப் பழகினேன். அப்படி இடமில்லாத கடைகளைக் கைவிட்டோம். வழக்கமான மீன்கடையும் அப்படித்தான் போனது.

"ரிவேர்ஸ் இல்லை எண்டு அக்காவுக்குச் சொன்னனீங்களோ?" என்று வனிதா கேட்டாள்.

"நல்ல காரியத்துக்குப் போற கார் ஏன் பின்னாலை போகோணும்? வெளிக்கிட்டால் திரும்பக் கூடாது எண்டு உனக்குத் தெரியாதே?"

"அது ஆக்களுக்கு. கியருக்கில்லை."

அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். என்னைக் கனடாவுக்குக் கூப்பிட்டது அக்காதான். அத்தான் செத்துப்போனபோது மகன் கஜன் நடக்கக்கூடத் தொடங்கவில்லை. அதற்குப் பிறகு ஒரு பேக்கரித் தொழிற்சாலையில் நின்ற நிலையில் வேலை செய்தே அவனை வளர்த்தார். முழங்கால் இரண்டும் அங்கேதான் போயின. கலியாணம் சரிவந்ததும் என்னைக் கூப்பிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"தம்பி, தேப்பன் இல்லாத பிள்ளையின்ரை கலியாணம். சனம் ஒரு சொல் சொல்லக் கூடாது. அவ்வளவுதான் எனக்கு."

எங்கள் சனத்தைப் பற்றித் தெரிந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய ஆசை என்று விளங்கும். புருஷனில்லாதவள் என்பதால் மணவறையில் மாப்பிள்ளையின் பெற்றோருடைய இடத்தில் நானும் வனிதாவும் இருப்பது என்று முடிவானது. யார் முடிவு செய்தது என்று கேட்டால் ஒருவரையும் கைகாட்ட முடியாது. இப்படியான முடிவுகளை எங்கள் ஆட்களில் யாரும் எடுப்பதில்லை, அவை தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும். அக்கா ஓம் என்று தலையாட்டினார். எனக்கு மனம் கேட்கவில்லை. அதனால் அக்கா ஏற்பாடு செய்திருந்த லிமோசினை நிறுத்தச் சொன்னேன்.

"என்ரை காரிலை போவம். நீங்களும் மாப்பிள்ளையோடை அதிலைதான் வாறியள். சனம் பாக்கட்டும்."

"உந்தக் காரை நம்பலாமோ தம்பி?"

"அக்கா, உது இரும்பு," என்றேன். அந்த வாயை நினைத்தால் இப்போதும் எனக்கு எரிச்சல் வருகிறது.

கலியாணத்தன்று காலை மோர்னிங்சைட்டில் அக்கா வீட்டு வாசலில் கார் நின்ற அழகைச் சொல்லத்தான் வேண்டும். கருநீலம். குரோமில் முகம் பார்த்துத் தலை சீவலாம். பட்டு வேட்டி, தலைப்பாகையோடு கஜன் பின்னால் ஏறினான். முன் இருக்கையை மடக்கி, அக்காவை மெல்ல மெல்ல அவனுக்குப் பக்கத்தில் ஏற்றுவதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது. வனிதா முன்னால் என் பக்கத்தில். நெடுஞ்சாலையில் பக்கத்துக் கார்க்காரர்கள் ஹோர்ன் அடித்தார்கள், கட்டைவிரலைக் காட்டினார்கள், ஒருவன் படம் எடுத்தான். நான் ஒரு கையால் ஓட்டினேன். கண்ணாடியில் பார்த்தேன், அக்கா மகனின் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார்.

"நல்லாத்தான் ஓடுது தம்பி," என்றார். அக்கா என்னைப் பற்றியோ என் சாமான்களைப் பற்றியோ நல்லதாகச் சொன்னது அதுதான் முதல் தடவை.

மண்டபம் மிசிசாகாவில். வாசலில் கார்கள் வந்துபோக அகலமான பாதை இருந்தது. அதற்குள்ளே, தூண்களுக்கும் மண்டபச் சுவருக்கும் நடுவில், சிவப்புக் கம்பளம் விரித்த ஒடுங்கிய சரிவுப் பாதை ஒன்றும் இருந்தது. அகலமான பாதையில் நிறுத்தியிருந்தால் நானும் மற்ற மாமன்மாரைப்போல மரியாதையாக வாழ்ந்திருப்பேன். ஆனால் பெண்ணின் சித்தப்பா கம்பளத்தில் நின்று கையைக் காட்டினார். யாராவது கார் நிறுத்தினால் ஓடிப்போய்க் கை காட்டாவிட்டால் எங்கள் ஆண்களுக்கு அன்று நித்திரை வராது.

"வாங்கோ, வாங்கோ, நேரை வாங்கோ. இடம் கிடக்கு."

நேரே போனேன். ஆராத்தித் தட்டோடு நின்ற பெண்களுக்கு முன்னால் நிற்பதற்குப் பிறேக்கை மிதித்தேன். பழைய பிறேக், இன்றைக்கு மிதித்தால் நாளைக்கு நிற்கும். ஆராத்தி, நாதஸ்வரம், சித்தப்பா எல்லாரையும் தாண்டிப்போய், பாதையின் முடிவில் இருந்த சீமெந்துப் பூந்தொட்டியில் மூக்கை வைத்துக்கொண்டுதான் கார் நின்றது. என் பக்கக் கதவைத் திறந்தேன். நாலு விரல் இடைவெளியில் தூணில் முட்டியது. வனிதா தன் பக்கத்தைத் திறந்தாள். அது சுவர்.

சித்தப்பா ஓடிவந்தார். "கொஞ்சம் ரிவேர்ஸ் எடுங்கோ அண்ணை."

கியரைப் போட்டேன். கார் உறுமியது. நாதஸ்வரக்காரர் பயந்து நிறுத்திவிட்டார்.

"அண்ணை, ரிவேர்ஸ்."

"ஓம், போட்டுத்தான் கிடக்கு."

"அப்ப ஏன் போகேல்லை?"

"மாமா, வட்ஸ் கோயிங் ஒன்?" என்றான் கஜன் பின்னாலிருந்து.

"நல்ல காரியத்துக்கு வந்த கார் பின்னாலை போகக் கூடாது எண்டு ஒரு ஐதீகம்..." என்று தொடங்கினேன்.

"இதுக்கு ரிவேர்ஸ் இல்லை," என்றாள் வனிதா. கண்ணாடிகள் எல்லாம் இறங்கியிருந்தன. பெண் வீட்டார் அத்தனைபேரும் கேட்டார்கள். "சொல்லுங்கோ சொல்லுங்கோ எண்டு சொன்னனான். இந்த மனிசன் சொல்லேல்லை."

முன்னால் நின்று தள்ள இடமில்லை. பட்டு வேட்டி கட்டிய இளைஞர்கள் பின் பம்பரைப் பிடித்து இழுத்தார்கள். சரிவில் ஒரு சாண் ஏறியது, பிறகு அவர்களையும் இழுத்துக்கொண்டு இறங்கி வந்து பூந்தொட்டியை உடைத்தது. இழுவை வாகனத்துக்குச் சொன்னார்கள். அது வர நேரமாகும் என்றார்கள். உள்ளே இருந்து ஐயர் ஆள்விட்டார், முகூர்த்தம் போகிறது, மாப்பிள்ளை எங்கே என்று.

மாப்பிள்ளை, தூணைத் தாண்டியிருந்த பின் யன்னலுக்குள்ளால் வந்தார். முதலில் தலைப்பாகை வந்தது, பிறகு ஒரு கால், பிறகு வேட்டியை ஒரு கையால் பிடித்தபடி மிச்சம் வந்தது. வீடியோக்காரர் மறுபடி ஒருக்கால் உள்ளே போய் வரச் சொல்லிக் கேட்டார். (அவர் பகிடி விடவில்லை.) அடுத்து வனிதா, கூறைச்சேலையோடு. அதைப் பற்றி எழுதுவதற்கு எனக்கு வீட்டில் அனுமதி இல்லை. கடைசியாக நான் வந்தேன். இழுத்தெடுக்க நாலுபேர் தேவைப்பட்டார்கள்.

அக்கா உள்ளே இருந்தார்.

"அன்ரி, கையைத் தாங்கோ, தூக்கி எடுக்கிறம்," என்றான் ஒரு பொடியன்.

"வேண்டாம் ராசா. என்ரை முழங்கால் மடியாது. சனத்துக்கு முன்னாலை என்னை யன்னலுக்குள்ளாலை இழுக்கப் போறியளோ?" பிறகு என்னைப் பார்த்தார். "நீ போ தம்பி. தாய் தேப்பன்ரை இடத்திலை நீங்கள்தானே இருக்க வேணும். நான் உள்ளை வந்தாலும் ஒரு மூலையிலைதானே நிக்கப் போறன்."

கஜன் அசையவில்லை. "அம்மா வராமல் நான் போகமாட்டன்."

"போடா. நேரம் தப்பினால் அதுக்கும் என்னைத்தான் சொல்லுவினம்."

போனோம். மணவறையில் அக்காவின் இடத்தில் இருந்தேன். ஐயர் சொன்னதையெல்லாம் செய்தேன், என்ன செய்தேன் என்று தெரியாது. வெட்கம் தின்றுகொண்டிருந்தது. கெட்டிமேளம் முழங்கியது, எல்லாரும் அரிசி போட்டார்கள். மண்டபச் சுவருக்கு அந்தப் பக்கம், பூந்தொட்டியை முட்டிக்கொண்டு நின்ற காருக்குள் அக்காவுக்கும் அந்தச் சத்தம் கேட்டிருக்கும். எனக்கு அழ வேண்டும்போல இருந்தது. கமெரா என்னைப் பார்த்துக்கொண்டிருந்ததால் சிரித்தேன்.

ஆசீர்வாதத்துக்கு ஆட்கள் வரிசையில் நிற்கத் தொடங்கியபிறகுதான் இழுவை வாகனம் வந்தது. சங்கிலி போட்டுக் காரைப் பின்னுக்கு இழுத்தார்கள். அக்கா இறங்கிச் சேலையைச் சரிசெய்தார். என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

"மூண்டு முடிச்சும் அவன்தான் போட்டவனோ? இல்லாட்டி ஆரும் பிடிச்சுவிட்டவையோ?"

"அவன்தான் அக்கா. வடிவாப் போட்டவன்," என்றேன். உண்மையில் நான் பார்க்கவில்லை. அந்த நேரம் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சாப்பாட்டு வரிசையில் நிற்கும்போதே கதை தொடங்கிவிட்டது. தாய் தாலிகட்டுக்கு வரவில்லையாம். பெண்ணைப் பிடிக்கவில்லையாம். கோவித்துக்கொண்டு காரை விட்டு இறங்க மறுத்துவிட்டாவாம். எனக்கு முன்னால் நின்ற இரண்டுபேர் கத்தரிக்காய்க் கறியைப் போட்டுக்கொண்டே இதைக் கதைத்தார்கள். ரிவேர்ஸ் இல்லாத கதையை நான் அவர்களுக்கு விளக்கினேன். அதைவிடக் கோபித்த கதைதான் அவர்களுக்கு நம்பும்படியாக இருந்தது.

காரை அடுத்த மாதமே விற்றேன். பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. சொந்தத்துக்குள் எனக்கு இப்போது ரிவேர்ஸ் மாமா என்றுதான் பெயர். எந்தக் கலியாண வீட்டில் கார் நிறுத்தினாலும் நாலுபேர் ஓடிவந்து, "மாமா, வந்த வழியாலையே திரும்பிப் போகலாமோ?" என்று கேட்பார்கள். சிரித்துத்தான் ஆகவேண்டும்.

போன கோடையில் கஜனின் மகளுக்கு முதலாவது பிறந்தநாள். சாப்பாட்டுக்குப் பிறகு வழக்கம்போல அந்தக் கதை வந்தது. அதை இப்போது அக்காதான் சொல்கிறார், மற்ற எல்லாரையும்விட நன்றாகச் சொல்கிறார். சித்தப்பா கை காட்டியதை நடித்துக் காட்டினார், தலைப்பாகை தனியாக வெளியே வந்ததைக் காட்டினார், என்னை நாலுபேர் இழுத்ததைக் காட்டினார். வீடே கண்ணீர் வரச் சிரித்தது. புதிதாக வந்திருந்த ஒரு பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டாள்.

"அப்ப அன்ரி, நீங்கள் எப்பிடி உள்ளை போனனீங்கள்?"

"நானோ? நான் சாப்பாட்டு நேரத்துக்கு வந்திட்டன்," என்றார் அக்கா.

அதற்கும் எல்லாரும் சிரித்தார்கள். அக்கா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார், அதனால் நானும் சிரித்தேன்.