மேற்படி சிலந்தி வசிக்கும் இடம்

உலகத்தில் நாகரிகம் அடைந்த நாடுகள் எத்தனையோ இருக்கின்றன. ஆனால் ஒரு சிலந்தியைக் கண்டதும் செருப்பைத் தேடாமல், "தாங்கள் யார்? எந்த இனம்? எங்கே ஜாகை?" என்று முறைப்படி விசாரிக்கிற பண்பாடு சிலி நாட்டுக்கு மட்டுமே வாய்த்திருக்கிறது.

விசாரிப்பதற்குக் காரணம் உண்டு. அங்கே வீட்டுக்குள் வரும் சிலந்திகளில் முக்கியஸ்தர்கள் இருவர். ஒன்று மூலைச் சிலந்தி. பீரோவுக்குப் பின்னால், சுவரில் மாட்டிய படத்துக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். கடித்தால் சதை கறுத்துப்போய் ஆஸ்பத்திரிதான். மற்றது புலிச் சிலந்தி. மெலிந்த உடம்பு, நீண்ட கால், காலில் வரி வரியாகப் பட்டை. மனிதர்களை ஒன்றும் செய்யாது. மூலைச் சிலந்தியைப் பிடித்துத் தின்னும். ஆகவே முன்னதைக் கண்டவுடன் கொல்ல வேண்டும்; பின்னதை வீட்டோடு மாப்பிள்ளையாக வைத்துக்கொள்ள வேண்டும். இது அங்கே பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கும் தெரியும். எது எந்தச் சிலந்தி என்பதுதான் யாருக்கும் நிச்சயமாகத் தெரியாது.

கெர்லீன் டோர்வில் ஹைத்தியிலிருந்து இந்தப் பண்பாட்டுக்குள் வந்து மூன்று வருடம் ஆகிறது. லாஸ் போல்தோஸ் குடியிருப்பில், டோன்யா நெல்டா (அங்கே டோன்யா என்றால் அம்மாள், டோன் என்றால் ஐயா) வீட்டுக் கொல்லையில் இருக்கும் ஒற்றை அறையில் வாடகைக்கு இருக்கிறாள். தெருமுனை ரொட்டிக் கடையில் வேலை. அந்தக் குடியிருப்பு முழுவதும் காலையிலும், சாயங்கால டீயோடும் பிய்த்துத் தின்கிற மரகெத்தா ரொட்டியை அவள்தான் சுடுகிறாள். ஆனால் அவள் அங்கே "வசிக்கவில்லை". இது கொஞ்சம் நுட்பமான விஷயம்.

வசிப்பதென்றால் குடியிருப்போர் சங்கம் வசிப்பிடச் சான்றிதழ் தர வேண்டும். அதற்குக் கரண்ட் பில் அவள் பேரில் இருக்க வேண்டும். பில் நெல்டா பேரில் இருந்தது. "இந்தப் பெண் என் கொல்லை அறையில் இருக்கிறாள்" என்று நெல்டா ஒரு வரி எழுதிக் கொடுத்தாலும் போதும். ஆனால் அந்த அறையை நகராட்சி அனுமதி இல்லாமல் கட்டியிருந்தார் நெல்டா. காகிதத்தில் அப்படியோர் அறையே இல்லை. இல்லாத அறையில் இருக்கிற பெண் எப்படி இருக்க முடியும்?

விசா நீட்டிப்புக்கு அந்தச் சான்றிதழைத் திங்கட்கிழமைக்குள் கொடுத்தாக வேண்டும். கொடுக்காவிட்டால் மனு தள்ளுபடி. மனு தள்ளுபடி ஆனால் மூட்டை கட்ட வேண்டியதுதான். அவளுடைய விண்ணப்பம் சங்கத்தின் நிகழ்ச்சி நிரலில் 'இதர விஷயங்கள்' என்ற கடைசித் தலைப்பில் நான்கு மாதமாகப் பத்திரமாக இருந்துவந்தது. ஒவ்வொரு கூட்டத்திலும் 'இதர விஷயங்கள்' வருவதற்கு ஒரு நிமிடம் முன்னால் டீ வந்துவிடும். டீ வந்தபின் அந்தச் சங்கத்தில் எந்த விஷயமும் நகர்ந்ததாக வரலாறு இல்லை.

இந்த நிலையில்தான் வியாழக்கிழமை மத்தியானம் கெர்லீன் கொல்லையில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது, கொடியில் தொங்கிய கிளிப் பையிலிருந்து ஒரு சிலந்தி இறங்கி வந்தது. அவசரமே இல்லை. ஓய்வு பெற்ற தாசில்தார் நடைப்பயிற்சி போவதுபோல் நிதானமாக வந்தது. கெர்லீனின் கை செருப்புக்குப் போனது. மூன்று வருடப் பண்பாடு அந்தக் கையைத் தடுத்தது. காலி ஜாம் பாட்டிலை எடுத்துக் கவிழ்த்தாள். அடியில் ஓர் அட்டையைச் சொருகி நிமிர்த்தி, மூடியில் ஓட்டை போட்டு மூடி, போட்டோ எடுத்து 'பாதுகாப்பான தெரு' என்ற வாட்ஸ்அப் குழுவில் போட்டாள்: "இது யாரு?"

குழு பொங்கி எழுந்தது.

"கொல்லு!"

"கொல்லாதே, அது புலி!"

"எங்க மச்சானை இதுதான் கடிச்சது."

"உங்க மச்சானை நாய்தானே கடிச்சது?"

"பச்சை கேட் வீட்டு முன்னாடி காரை நிறுத்தினது யாரு?"

கடைசியில் சங்கத் தலைவி டோன்யா ஃப்ரெசியாவின் குரல் பதிவு வந்தது. "யாரும் எதையும் தொடக்கூடாது. சனிக்கிழமை நாலு மணிக்கு அவசரக் கூட்டம். சிலந்தியும் கண்டிப்பா வரணும்."

கெர்லீன் அந்தப் பதிவை இரண்டு முறை கேட்டாள். நாற்பது நிமிடத்தில் சிலந்தி நிகழ்ச்சி நிரலில் முதல் தலைப்பு ஆகிவிட்டது. அவளுக்குப் பொறாமை இல்லை. நம்பிக்கைதான் வந்தது. முதல் தலைப்பைக் கையில் ஏந்திக்கொண்டு போகிறவளைக் கடைசித் தலைப்பு வரைக்குமாவது உட்கார வைக்க மாட்டார்களா?

சனிக்கிழமை சங்கக் கட்டடத்தில் பதினாறு பேர் கூடினார்கள். நடுநாயகமாக டோன்யா ஃப்ரெசியா, மடியில் கைப்பை, கைப்பைக்குள் சங்கத்தின் ரப்பர் ஸ்டாம்ப். பக்கத்தில் செயலாளர் டோன் ஹெனாரோ. நோட்டரி ஆபீசில் முப்பத்தெட்டு வருடம் குமாஸ்தாவாக இருந்தவர். முத்திரை இல்லாத எதையும் நம்பாதவர். மழை பெய்தால்கூட ஜன்னல் வழியே கையை நீட்டி உறுதி செய்துகொண்டுதான் நடவடிக்கைக் குறிப்பில் எழுதுவார்.

அவர் பூதக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பாட்டிலுக்குள் பார்த்தார். பிறகு அறிவித்தார்:

"கண்ணு ஆறு."

"மூலைச் சிலந்திக்கும் ஆறுதான், டோன் ஹெனாரோ," என்றாள் கெர்லீன்.

"அப்படின்னா கண்ணை வெச்சு முடிவு பண்ண முடியாது. எழுதிக்கிறேன். கால் எட்டு."

"எல்லாச் சிலந்திக்கும் எட்டுதான்."

"அதையும் எழுதிக்கிறேன்."

"கால்ல பட்டை பாருங்க. முன்பக்கம் கூன் போட்ட மாதிரி தூக்கியிருக்கு. நடை ரொம்ப மெதுவு. மூலைச் சிலந்தின்னா இந்நேரம் ஓட்டமா ஓடியிருக்கும். இது புலிதான். ரெண்டு நாளா உட்கார்ந்து படிச்சேன்."

டோன்யா ஃப்ரெசியா பரிவோடு சிரித்தார். "கண்ணு, நீ வெளியூர்ப் பொண்ணு. எங்க சிலந்தியைப் பத்தி உனக்கு எப்படிடா தெரியும்?"

"தெரியாததாலதான் படிச்சேன், தலைவரம்மா."

"புலிதான்! புலியேதான்!" என்று நெல்டா எழுந்து கத்தினார். "பார்த்தாலே தெரியுது, என்ன ஒரு கம்பீரம்!" நெல்டாவுக்கு இயற்கைமேல் திடீர்ப் பற்று வந்ததற்குச் சிறு காரணம் இருந்தது. மூலைச் சிலந்தி என்று முடிவானால் சுகாதார ஆய்வாளர் கொல்லைக்கு வருவார். கொல்லையில் இல்லாத அறையில் முட்டிக்கொள்வார்.

விவகாரம் ஓட்டுக்கு விடப்பட்டது. புலி என்பதற்கு ஆதரவாகப் பத்து, எதிராக மூன்று, நடுநிலை இரண்டு; அங்கே 'வசிக்காத' கெர்லீனுக்கு ஓட்டு இல்லை. அந்த நிமிடம் வரை தன் இனத்தைப் பற்றி எந்தக் கருத்தும் இல்லாமல் வாழ்ந்துவந்த அந்த ஜீவன், பெரும்பான்மை பலத்தால் புலிச் சிலந்தி ஆயிற்று.

எதிர்த்த மூவர் விடவில்லை. செய்முறைச் சான்று கேட்டார்கள். சங்க அலமாரியில் இருந்த கால்பந்துக் கோப்பைகளுக்குப் பின்னால் தேடியதில் அசல் மூலைச் சிலந்தி ஒன்று அகப்பட்டது. இடுக்கியால் பிடித்துப் பாட்டிலுக்குள் போட்டார்கள். புதியது உள்ளே தலைதெறிக்க ஓடியது. பழையது அசையவில்லை. பிறகு, மேஜைக்கு வந்த ஃபைலை நோட்டமிடும் மேலதிகாரியைப்போல் சற்றே திரும்பி, ஒரு தடவை எச்சிலைத் துப்பியது. பசைநூல் விழுந்து மூலைச் சிலந்தி இருந்த இடத்திலேயே ஒட்டிக்கொண்டது.

சபை எழுந்து நின்றது. "சி-சி-சி! லே-லே-லே!" என்று கால்பந்து மைதானத்துக் கோஷம் கிளம்பியது. எதிர்த்து ஓட்டுப்போட்ட மூவரும்தான் அதிகம் கத்தினார்கள்.

இனம் முடிவாயிற்று. அடுத்தது வளர்ப்பு.

"பாட்டிலோட இங்கேயே அலமாரியில வெச்சிடலாம்," என்றது ஒரு குரல்.

"பாட்டிலுக்குள்ள இருந்தா எப்படி வேட்டையாடும்?"

"வேட்டையாட வேணாம்ப்பா. உள்ள ஒருத்தர் இருக்காருன்னு தெரிஞ்சாலே மத்ததுங்க பயப்படும்."

"நம்ம காவல் நிலையம் மாதிரியா?"

டோன்யா ஃப்ரெசியா கைப்பையால் மேஜையைத் தட்டினார். பிடித்த இடத்திலேயே விட்டு வளர்ப்பது என்று தீர்மானம் ஆனது. அப்போதுதான் டோன் ஹெனாரோ நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"செவ்வாக்கிழமை நகராட்சிக்காரங்க மருந்தடிக்க வர்றாங்களே! அவங்களுக்குப் புலி என்ன, மூலை என்ன? எல்லாத்தையும் ஒரே குழாயில கழுவிட்டுப் போயிடுவாங்க."

சபை திகைத்தது. ஐந்து நிமிடத்துக்கு முன்னால் தேசிய வீரராக இருந்தவர், செவ்வாய்க்கிழமை சாகப்போகிறார்.

"ஒரே வழிதான்," என்றார் டோன் ஹெனாரோ. "இந்தச் சிலந்தி இங்க முறைப்படி வசிக்குதுன்னு சங்கம் சான்றிதழ் கொடுக்கும். அதைக் கொல்லைக் கதவுல ஒட்டுவோம். ஸ்டாம்ப் அடிச்ச காகிதத்தைத் தாண்டி இந்த நாட்டுல எவனும் உள்ள வரமாட்டான்."

"கொல்லைக்குள்ள யாருமே, எந்த ஆபீசருமே வரக்கூடாதுன்னு சேர்த்து எழுதுங்க!" என்றார் நெல்டா.

யாரோ ஒரு விதண்டாவாதி கேட்டார்: "அதுக்குக் கரண்ட் பில் வேணுமே?"

"சிலந்தி எங்கய்யா லைட் போடுது? விதி தளர்த்தப்படுகிறது. பில் இல்லாதவங்களுக்கு ரெண்டு பேர் சாட்சி போதும்," என்றார் டோன் ஹெனாரோ.

கெர்லீனின் காதில் தேன் பாய்ந்தது. எழுந்து நின்றாள். "டோன் ஹெனாரோ, அப்ப எனக்கும் ரெண்டு சாட்சி இருந்தா போதுமா?"

"அது 'இதர விஷயங்கள்', பொண்ணே. உட்காரு. முதல் சாட்சி, வீட்டுக்காரர் டோன்யா நெல்டா. ரெண்டாவது சாட்சி, நேர்ல பார்த்தவங்க. யாரு பார்த்தது?"

பதினைந்து தலைகள் கெர்லீன் பக்கம் திரும்பின.

"நல்லதாப் போச்சு, வந்து கையெழுத்துப் போடு," என்றவர், பேனாவை நீட்டிய கையை அப்படியே நிறுத்தினார். முப்பத்தெட்டு வருட நோட்டரி ஆபீஸ் உள்ளே விழித்துக்கொண்டது. "சாட்சி இங்க வசிக்கறவங்களா இருக்கணுமே."

நெல்டா கூரையைப் பார்த்தார். டோன்யா ஃப்ரெசியா கைப்பையின் ஜிப்பைப் பார்த்தார். உள்ளே சமையலறையில் கெட்டில் முனக ஆரம்பித்தது.

டோன் ஹெனாரோ சளைக்கவில்லை. எழுதினார். படித்தார்: "'தற்செயலாக அவ்வழியே சென்றவர்.' சரியா இருக்கா? போடு கையெழுத்து."

கெர்லீன் பேனாவை வாங்கினாள். திங்கட்கிழமைக்கு இன்னும் இரண்டு நாள். இவர்களைப் பகைத்துக்கொண்டால் நாளைக்கு அந்த அறையும் இல்லை. பேனாவை மேஜைமேல் வைத்தாள்.

"மூணு வருஷமா, தினமும் ரெண்டு வேளை, தற்செயலா போறேனா?"

"கண்ணு, அது ஒரு வார்த்தைக்கு எழுதறது..." என்றார் டோன்யா ஃப்ரெசியா.

"தற்செயலா போறவ அங்கேயே ஏன் துணி காயப்போட்டான்னு நகராட்சிக்காரன் கேட்டா என்ன சொல்லட்டும், தலைவரம்மா? என் துணியெல்லாம் என்னை மாதிரியே வழியில போறதுன்னு சொல்லட்டுமா?"

யாரோ சிரித்துவிட்டு இருமலாக மாற்றிக்கொண்டார்.

"நான் அங்க குடியிருக்கல. சரி. என் கிளிப் பையிலிருந்து வந்தது இது. அப்ப இதுவும் அங்க குடியிருக்கல. தற்செயலா அவ்வழியே சென்ற சிலந்தி." பாட்டிலை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டாள். "நாங்க ரெண்டு பேரும் கிளம்பறோம்."

சபை கலங்கிவிட்டது. இவள் போனால் போகட்டும் என்று நான்கு மாதமாகத் திடமாக இருந்தவர்கள், சிலந்தி போகிறதென்றதும் நாற்காலியை விட்டு எழுந்தார்கள்.

"யாராவது பிடிங்களேன்!"

"பாட்டில் உடைஞ்சிடப் போவுது, மெதுவா!"

"ஹெனாரோ, ஏதாவது பண்ணுமய்யா! தண்ணி கொதிச்சிடுச்சு!"

நெருக்கடியில்தான் மேதைகள் பிரகாசிக்கிறார்கள். டோன் ஹெனாரோ புதுத் தாளை எடுத்தார். "வளர்ப்பு ஜீவன்னா வளர்க்க ஒரு ஆள் வேணும். பராமரிப்பாளர். பராமரிக்கணும்னா அது கூடவே இருந்தாகணும். வசிக்கறது சிலந்தி, அது கூட, அதோட தேவைக்காக, இந்தப் பொண்ணு. விதியில இடம் இருக்கு."

"அறைன்னு மட்டும் எழுதிடாதீங்க!" என்று அலறினார் நெல்டா.

"வேற என்ன எழுத?"

"துணிக்கொடின்னு எழுதுங்க. அதுக்கு அனுமதி வேணாம்."

இவ்வாறாக, கெட்டில் விசிலடிக்கும் நேரத்தில், பின்வரும் ஆவணம் பிறந்தது: "காண்பவர் அனைவருக்கும் தெரிவிப்பது யாதெனில், புலிச் சிலந்தி ஒன்று, லாஸ் போல்தோஸ், கதவு எண் 417, கொல்லைத் துணிக்கொடியில் நிரந்தரமாக வசித்து வருகிறது. அதன் பராமரிப்பின் பொருட்டு கெர்லீன் டோர்வில் என்பவரும் மேற்படி சிலந்தியுடன் மேற்படி கொடியில் வசித்து வருகிறார். இச்சான்றிதழ் மேற்படி சிலந்தியின் ஆயுட்காலம் வரை செல்லும்."

டோன்யா ஃப்ரெசியா ஸ்டாம்பின்மேல் ஊதிவிட்டு ஓங்கி அடித்தார். இரண்டு பிரதி. ஒன்று கதவுக்கு. ஒன்று கெர்லீனுக்கு. கைதட்டல் பலமாக இருந்தது; அதில் பெரும்பகுதி பாட்டிலைப் பார்த்துத் தட்டப்பட்டது.

திங்கட்கிழமை குடியேற்ற அலுவலகத்தில், கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருந்த அதிகாரி அந்தக் காகிதத்தை முதலில் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். ஸ்டாம்ப் அசல். பிறகு படித்தார். இன்னொரு தடவை படித்தார். அவர் சிரிப்பார் என்று கெர்லீன் எதிர்பார்த்தாள். சிரிக்கவில்லை.

"சிலந்திக்கு உடம்பு நல்லா இருக்கா?"

"நல்லா இருக்கு, சார். நேத்து சாயங்காலம்கூட ஒரு ஈ சாப்பிட்டுச்சு."

"எவ்வளவு நாள் இருக்கும்?"

"ரெண்டு வருஷம், மூணு வருஷம்னு படிச்சேன், சார்."

அதிகாரி தலையசைத்துவிட்டு ஏதோ தட்டினார். "அப்ப ஒரு வருஷம் தாராளமா நீட்டலாம்."

நீட்டினார்கள். அந்த நாட்டின் நிர்வாகத்தைக் குறை சொல்ல யாருக்கு நா எழும்? ஒரு தெரு முழுவதும் மூன்று வருடமாக அவள் சுட்ட ரொட்டியைத் தின்றுகொண்டு, அவள் இங்கே இருக்கிறாளா என்று நான்கு மாதம் யோசித்தது. அங்கே வந்து ஒரு வாரம்கூட ஆகாத ஒரு பூச்சி அவளுக்கு ஜாமீன் நின்றதும், சந்தேகம் தீர்ந்தது.