பெரியவருக்கு நான் கால் பிடித்துவிட்டது

அன்புள்ள தங்கைக்கு அண்ணன் எழுதுவது. இங்கு நான் நலம். நீயும் மாப்பிள்ளையும் நலமா? அவருடைய குதிகால் வலி மட்டும் நலமில்லை என்று எழுதினால் மிகவும் மகிழ்வேன்.

"அண்ணியும் போயிட்டாங்க, இன்னும் அந்த அந்நிய நாட்டுல தனியா என்னண்ணா பண்றீங்க? கிளம்பி வாங்க" என்று போனில் நீ அழுததற்கு இதுதான் பதில். போனில் சொன்னால் குறுக்கே பேசுவாய். நான் வரப்போவதில்லை. இங்கே எனக்கு ராஜ வாழ்க்கை. அங்கே ஒரு சினிமா பார்க்க ஆகும் காசில் இங்கே தலை முதல் பாதம் வரை பிடித்துவிடுகிறார்கள்.

முடி வெட்டிக்கொள்ளத்தான் தெருமுனை சலூனுக்குப் போனேன். வேண்டாம் என்று சொல்லக் கூச்சப்பட்டு, முடிவெட்டும் பெண் கேட்டதற்கெல்லாம் தலையாட்டினேன். தலைக்குக் கறுப்புச் சாயம் ஏறியது, புருவம் வில்லாக வளைந்தது, நகங்கள் பளபளத்தன. வீட்டுக்கு வந்தால் வீட்டுக்காரர் என்னைப் புதுக் குடித்தனக்காரர் என்று நினைத்து அட்வான்ஸ் கேட்டார். அன்று தலையாட்டியதில் மசாஜும் ஒன்று. சலூனின் உள்ளறையில் அதைச் செய்பவர் என்னைவிட மூத்த பெரியவர். எடுத்ததும் என் பாதத்தைப் பிடித்தார். வயதில் பெரியவர் காலைத் தொட்டால் நம்மால் படுத்திருக்க முடியுமா? துள்ளியெழுந்து அவர் காலைத் தொட்டேன். அவர் என்ன நினைத்தாரோ, எனக்குப் பிடித்து முடித்ததும் நாற்காலியில் சாய்ந்து தன் காலை நீட்டிவிட்டார். "உங்க ஆளுங்க வழக்கம் ரொம்ப நல்லாயிருக்கு" என்றார். இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அன்றிலிருந்து வாராவாரம் காசும் கொடுத்து, அவருக்குக் காலும் பிடித்துவிடுகிறேன்.

சிரிக்காதே. உன் அண்ணி போன பிறகு, அந்தச் சலூனுக்குப் போகும்வரை என்னை யாரும் தொட்டதில்லை. கடையில் மீதிச் சில்லறை தருகிறவர்கூட மேஜைமேல்தான் வைப்பார். முதல் நாள் பெரியவர் கை தோளில் பட்டதும் அழுதுவிட்டேன். எண்ணெய் கண்ணில் பட்டுவிட்டது என்றேன். எண்ணெய்ப் புட்டியை அவர் அப்போது திறந்திருக்கவேயில்லை. அவர் என் கண்மேல் ஒரு துண்டைப் போட்டுவிட்டு வேலையைப் பார்த்தார். இதை விட்டுவிட்டு எப்படியம்மா வருவேன்? ஆகவே இனி என்னைக் கூப்பிடாதே. பிள்ளைகளுக்கு என் ஆசிகள், மாப்பிள்ளைக்கு என் அன்பு.

இப்படிக்கு,
பிடிவாதக்கார அண்ணன்

பின்குறிப்பு: இதைத் தபாலில் போடப் போகும் வழியில் சலூனுக்குள் எட்டிப்பார்த்தேன். பெரியவர் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார். மகள் வீட்டோடு போய் இருக்கப் போகிறாராம். "அவ கூப்பிட்டுக்கிட்டேதான் இருந்தா. நான்தான் கடை கடைன்னு சாக்கு சொல்லிட்டிருந்தேன்" என்றார். கடைசியாக இருவரும் ஒருவருக்கொருவர் கால் பிடித்துவிட்டோம். வரும் வழியிலேயே டிக்கெட் எடுத்துவிட்டேன். மேலே எழுதியதை மறந்துவிடு. விமான நிலையத்தில் புருவம் வளைந்து, தலை கறுத்து ஒருவன் வந்தால் பயப்படாதே, நான்தான். மாப்பிள்ளையின் குதிகாலை என்னிடம் விட்டுவிடு, தொழில் தெரியும். என் தலைக்கு மட்டும் நீ எண்ணெய் வைத்துவிடு.