பாதி மயில் வந்தால் குரங்கு

வாயாடிக்கு வேலை கிடைப்பது சுலபம். கிடைத்த வேலையை அந்த வாயிடமிருந்து காப்பாற்றுவதுதான் பெரும்பாடு.

சேலையூரில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்துக்கு, என் கணவர் அச்சடித்த ஆண்டு விழா அழைப்பிதழ்களைக் கொடுக்கப் போனேன். கரஸ்பாண்டென்ட்டிடம் கொஞ்ச நேரம் பேசினேன். திரும்பி வரும்போது மூன்றாம் வகுப்புத் தமிழ் மிஸ்ஸாக வந்தேன். (எங்களுக்குக் கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கும் கடை. இதை நினைவில் வையுங்கள், வினை அங்கிருந்துதான் புறப்பட்டது.)

வேலை தற்காலிகம். கரஸ்பாண்டென்ட் யாரையும் திட்ட மாட்டார், சிரித்துக்கொண்டே மிரட்டுவார். "மிஸ், பேரன்ட்ஸ் வர்ற அன்னிக்குப் பசங்க தமிழ கடகடன்னு படிக்கணும். இல்லன்னா பாருங்க, ஜூன்லேர்ந்து நீங்க ஜாலியா வீட்ல ரெஸ்ட் எடுக்கலாம்."

என் வகுப்பு ஒரு வரியைப் படித்து முடிப்பதற்குள் தாம்பரத்திலிருந்து பல்லாவரம் போய்விடலாம், நடந்தே. அதிலும் முகிலன் தனி ரகம். முடிச்சூரில் ஆட்டோ ஓட்டும் ஏழுமலையின் மகன். 'குரங்கு' என்று படிக்கச் சொன்னால் 'கு'வுக்கும் 'ர'வுக்கும் நடுவே தண்ணீர் குடித்துவிட்டு வருவான்.

அப்போதுதான் எனக்குள் இருந்த கல்வியாளர் விழித்துக்கொண்டார். (அவர் தூங்கியே இருந்திருக்கலாம்.) சீட்டுக்கட்டைக் கண்டால் சோறு தண்ணீர் மறக்கும் என் கொழுந்தன்மாரைப் பார்த்து ஒரு விளையாட்டை உருவாக்கினேன். ஒவ்வொரு சீட்டிலும் ஒரு வாக்கியம். எதிராளி கையில் விசிறி போலப் பிடித்திருக்கும் சீட்டுகளிலிருந்து ஒன்றை உருவ வேண்டும், உருவியதைத் திக்காமல் படிக்க வேண்டும். படித்தால் சீட்டு உனக்கு. திக்கினால் திருப்பிக் கொடு.

சீட்டுக்கு அட்டை? கணவரிடம் போனேன். "என்னங்க, வீணாப்போன பத்திரிகையெல்லாம் எனக்குக் குடுங்க."

"தாராளமா எடுத்துக்கோ. சாமி படத்த மட்டும் வெட்டிடாத."

வெட்டவில்லை. மற்றதையெல்லாம் வெட்டினேன். வெள்ளையாக இருந்த பக்கத்தில் என் முத்து முத்தான கையெழுத்தில் வாக்கியங்கள். மறுபக்கத்தில் ரோஜா, வாழைமரம், தலையில்லாத நாதஸ்வரக்காரர், பாதி மயில், துண்டு துண்டாக மணமக்கள் பெயர்கள், மண்டபப் பெயர்கள், இரண்டாக வெட்டுப்பட்ட "சுற்றமும் நட்பும் சூழ". பின்பக்கத்தை யார் பார்க்கப் போகிறார்கள் என்று நினைத்தேன்.

கொஞ்ச நாளிலேயே வகுப்பு பறந்தது. சீட்டில் கை பட்டதுமே வாக்கியம் வாயில் வந்தது. முகிலன் உருவுவதற்கு முன்பே படித்தான். எனக்குத் தலை கால் புரியவில்லை. ஸ்டாஃப் ரூமில் எல்லோருக்கும் இலவசமாக அறிவுரை வழங்கினேன். "குழந்தைக்குப் படிப்பு பாரமா இருக்கக் கூடாதுங்க, வெளயாட்டா இருக்கணும்" என்று நான் ஆரம்பித்தால் கணக்கு மிஸ் டிபன் பாக்ஸை மூடிக்கொண்டு எழுந்து போவார். பொறாமை என்று நினைத்துக்கொண்டேன்.

பெற்றோர் வரும் நாளும் வந்தது. குட்டி பெஞ்சுகளில் முழங்கால் முட்ட எல்லோரும் உட்கார்ந்தார்கள். பிள்ளைகள் விளையாடிக் காட்டினார்கள். கைதட்டல். அதோடு விட்டிருக்கலாம். கரஸ்பாண்டென்ட்டுக்கு உற்சாகம் தாங்கவில்லை, சீட்டுக்கட்டைத் தானே வாங்கிக்கொண்டார். முகிலனை அழைத்து, ஒரு சீட்டை எடுத்துத் தன் பக்கம் எழுத்து தெரியப் பிடித்துக்கொண்டு, "படிப்பா" என்றார்.

அவர் சீட்டைத் திருப்பவே இல்லை. பையனுக்குத் தெரிந்தது பின்பக்கம் மட்டும்.

"குரங்கு தொப்பியைத் தூக்கி வீசியது" என்றான் முகிலன்.

கரஸ்பாண்டென்ட் சீட்டைப் பார்த்தார். பையனைப் பார்த்தார். இன்னொரு சீட்டை எடுத்தார்.

"காற்றில் தாத்தாவின் குடை பறந்தது."

ஏழுமலை எழுந்தே விட்டார். "இன்னா சார் இது, நீ கார்ட திருப்பவே இல்ல, எம் புள்ள சொல்லிகினே கீறான்!"

ஷூ போட்ட ஓர் அப்பா பின்னாலிருந்து கேட்டார்: "சார், இது அந்த பிரைன் ட்ரெய்னிங் தானே? கண்ணக் கட்டிட்டுப் படிப்பாங்களே! எங்க ஆபீஸ்ல ஒருத்தர் பையன வேளச்சேரி வரைக்கும் கூட்டிட்டுப் போறார். இங்கயே இருக்கா?"

பிள்ளைகள் பார்த்துப் படித்தபோது தட்டியதைவிடப் பார்க்காமல் படித்தபோது கைதட்டல் அதிகம். கரஸ்பாண்டென்ட் கண்ணில் அடுத்த வருஷ அட்மிஷன் பேனரே தெரிந்தது. "மிஸ், சொல்லவே இல்லயே! என்ன மெத்தட் இது?"

எனக்கு அந்த நொடியில் எல்லாம் புரிந்துவிட்டது. அவர் கையில் இருந்த சீட்டுகளின் பின்னால் பாதி மயிலும் வாழைமரமும். வாழ்நாளெல்லாம் மூடாத என் வாய் அப்போதும் மூடவில்லை. "மனசை ஒருமுகப்படுத்துற பயிற்சி சார்" என்றது.

கரஸ்பாண்டென்ட் உருகிப்போய் முகிலனிடம் குனிந்தார். "எப்படிப்பா உனக்குத் தெரியுது?"

"பாதி மயில் வந்தா குரங்கு சார்" என்றான் பிள்ளை, பெருமையாக. "வாழமரம் வந்தா குடை. தலயில்லாதவரு வந்தா பாம்பு. எல்லாருக்கும் தெரியும் சார்." வகுப்பு மொத்தமும் "ஆமா சார்!" என்றது.

முதலில் சிரித்தது கணக்கு மிஸ்.

கரஸ்பாண்டென்ட் குரங்கு வாக்கியத்தைக் கரும்பலகையில் எழுதினார். முகிலன் "கு..." என்றான். பிறகு தண்ணீர் பாட்டிலைத் தேடினான்.

ஏழுமலை என்னைப் பார்த்தார். "மிஸ்ஸு, நேரா சொல்லு. எம் புள்ளைக்குப் படிக்க வருமா, வராதா?"

அன்று என்னிடம் கேட்கப்பட்ட ஒரே நல்ல கேள்வி அது. ஜூன் மாதம் வீட்டு வாசலில் வந்து நிற்பது தெரிந்தது.

முகிலனுக்குத்தான் ரோஷம். "எனக்கு முன்னாடிதான்பா வராது. பின்னாடி நல்லா வரும்" என்று சீட்டுக்கட்டிலிருந்து இரண்டு சீட்டை எடுத்து ஒட்டி வைத்தான். "சுற்றமும் நட்பும் சூழ வந்திருந்து மணமக்களை வாழ்த்தியருள வேண்டுகிறோம்" என்று ஒரே மூச்சில் முழங்கினான்.

"அதுவும் மனப்பாடம்தானே" என்ற கரஸ்பாண்டென்ட், தன் பையிலிருந்து அன்று மாலை போகவேண்டிய ஒரு வரவேற்புப் பத்திரிகையை எடுத்து நீட்டினார். முகிலன் பார்த்தேயிராத பத்திரிகை. படித்தான். திக்கினான், ஆனால் நிற்கவில்லை. மாப்பிள்ளை பெயரில் தடுக்கி விழுந்து எழுந்தான். மண்டபத்தின் பெயரை இரண்டாம் முயற்சியில் பிடித்தான். கடைசி வரி வரை போய், நிமிர்ந்து, "சாப்பாடு ஏழு மணிக்கு சார்" என்றான்.

எதிராளி சீட்டைக் கண்டுபிடிக்க, மாதக்கணக்கில் பின்பக்கத்தையே முறைத்துப் பார்த்ததில் பிள்ளைக்குப் படிப்பு வந்திருக்கிறது. நான் கையால் எழுதிச் சொல்லிக்கொடுத்த பக்கத்தில் அல்ல, அச்சடித்த பக்கத்தில்.

"படிக்கிறான்பா!" என்று ஏழுமலை பின்னால் திரும்பி எல்லோரிடமும் சொன்னார். கரஸ்பாண்டென்ட் நெற்றியைத் தடவினார். "ஜூன்ல வாங்க மிஸ். ஆனா அட்டைய கடையில புதுசா வாங்குங்க, ரெண்டு பக்கமும் வெள்ளையா."

வீட்டில் அன்றிலிருந்து எனக்கு மரியாதை போயிற்று. பஸ் வந்துவிடும், மழை வராது என்று நான் எதை அடித்துச் சொன்னாலும் கணவர் கேட்பார், "பாதி மயிலப் பாத்துச் சொல்றியா?" என் மகள் இந்தக் கதையைத் தன் கணவரிடம் சொன்னது கல்யாணத்துக்கும் முன்பு.

போன மாதம் கடைக்கு முகிலன் வந்தான். மீசை முளைத்துவிட்டது. அவன் அக்கா கல்யாணப் பத்திரிகையைத் தாம்பூலத் தட்டில் வைத்து நீட்டினான். அட்டையில் தோகை விரித்த மயில்.

"முழு மயில் மிஸ்" என்றான். "வெட்டிடாதீங்க."