ஆறு போத்தலும் ஒரு விரதமும்

துப்ப வேண்டும் என்பதை யாரும் சிவானந்தனுக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை.

2005 நவம்பர், ஒரு வெள்ளிக்கிழமை. ஒஸ்லோ துறைமுகத்தருகே ஒரு மண்டபம். வெள்ளைத் துணி விரித்த நீண்ட மேசையில், ஒரு திராட்சைத் தோட்டம் இந்த வருடம் வெளியிடும் புது வைன்கள் ஆறு. முதல்நாள் மாலையே திறந்து காற்றாட வைத்திருந்தார்களாம். ஆளுக்கொரு கிளாஸ், ஆளுக்கொரு தாள், ஆளுக்கொரு சின்ன வாளி. ருசித்து வாளிக்குள் துப்பிவிட்டு, தாளில் மணம், சுவை என்று எழுதிப் புள்ளி போட வேண்டும்.

பக்கத்தில் நின்ற நரைத்த தலை அம்மையார் பத்திரிகைக்கு வைன் பற்றி எழுதுகிறவர். ஒரு துளி சிந்தாமல் துப்பினார். சிவானந்தனோ சபையில் துப்புகிறவனை மனிதக் கணக்கில் சேர்க்காத வீட்டில் வளர்ந்தவன். முதல் வாயை அப்படியே விழுங்கிவிட்டான்.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். சிவானந்தன் தன் மூக்கால் கெட்டவன். பன்னிரண்டு வருடமாக ஓர் உணவகத்தில் கோப்பை கழுவுகிறான். வேலையிட விருந்தொன்றில், தன் பரம்பரைக்கே மூக்குக் கூர்மை என்று அளந்துவிட்டிருந்தான். உண்மையில் வருடத்தில் பத்து மாதம் அவனுக்கு மூக்கடைப்பு. கறி அடிப்பிடித்தால் புகையைக் கண்டுதான் அறிவான். உணவகத்தின் வைன் பொறுப்பாளர் காய்ச்சலில் விழுந்ததும், முதலாளி துரூட் அம்மாவுக்கு அந்த மூக்கு ஞாபகம் வந்தது.

“நல்லதாக ஒன்றைத் தெரிவுசெய். சரியாக அமைந்தால் திங்கள் முதல் நீ மேலே வந்து வைன் பரிமாறலாம். கோப்பையை வேறு யாரும் கழுவட்டும்.”

இந்த உயர்வுக்காகத்தான் நகரின் ஓரத்துப் பியோர்ண்டாலில், வீட்டில், அவன் மனைவி சத்தியபாமா கந்தசஷ்டி விரதம் பிடித்துக்கொண்டிருந்தாள். இன்று மூன்றாம் நாள். அவள் எதற்காகப் பட்டினி கிடந்தாளோ, அதற்காகவே அவன் குடிக்க வேண்டியிருந்தது. முருகனே முழிக்கக்கூடிய சிக்கல். நல்லவேளை, அவள் விடியவே எங்கோ அலுவலகம் துடைக்கப் போய்விட்டதால் அவன் வெள்ளைச் சேட்டுப் போட்டதைக் காணவில்லை.

உதடு படாமல் குடித்தால் குடித்ததாகாது என்று தனக்குத் தானே தீர்ப்புச் சொன்னான். இரண்டாவது வைனை, கிளாஸை ஒரு சாண் உயர்த்தி, அண்ணாந்து ஊற்றினான். செம்பின் வாய் வேறு, வைன் கிளாஸின் வாய் வேறு. பாதி தொண்டைக்குள் போனது, பாதி சேட்டில் இறங்கியது.

“அற்புதம்!” என்றார் அம்மையார். “காற்றோடு கலக்கவிட்டுக் குடிக்கிறீர்கள். இது எந்த நாட்டு முறை?”

“யாழ்ப்பாணத்து முறை.”

அம்மையார் உடனே அண்ணாந்தார். வைன் மூக்குக்குள் போய், இருமி, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “நிறையப் பழக வேண்டும் போலிருக்கிறது,” என்றார்.

வைனை இறக்குமதி செய்யும் எஸ்பன் ஓடிவந்தார். “சிவப்புக் கறைக்கு வெள்ளை வைன் ஊற்றுங்கள், போய்விடும்.”

மூன்றாவது போத்தல் வெள்ளை. சிவானந்தன் ஊற்றினான். கறை போகவில்லை. இளஞ்சிவப்பாகி, நெஞ்சிலிருந்து வயிறு வரைக்கும் குடிபெயர்ந்தது. வெட்கத்தில் மிச்ச மூன்றையும் கண்ணை மூடிக்கொண்டு மடமடவென்று விழுங்கினான்.

தாள் மட்டும் வெறுமையாகக் கிடந்தது. ஆறுக்கும் அவனுக்கு ஒரே மணம், அதாவது ஒரு மணமும் இல்லை. தலையைத் தூக்கினால் சுவரில் கண்ணாடிச் சட்டம் போட்ட ஒரு தாள் தொங்கியது. பெரிய எழுத்துகளில், மணம் என்ற பகுதி நிறைய எழுதியிருந்தது. சுவைப் பகுதி வெறுமை. பெயரும் இல்லை.

“போன வருடத்தது,” என்று அம்மையார் குரலைத் தாழ்த்தினார். “வருடா வருடம் யாரோ ஒரு மேதை இரகசியமாக எழுதி வைத்துவிட்டுப் போகிறார். அவர் கணிப்பு ஒருநாளும் பிழைத்ததில்லை. இந்த வருடத் தாளும் காலையிலேயே வந்துவிட்டதாம். எஸ்பன் திங்கட்கிழமைதான் காட்டுவார்.”

அவர் அந்தப் பக்கம் திரும்பியதும் சிவானந்தன் சுவரைப் பார்த்து எழுதினான். நாலாவது போத்தல்: கராம்பு, ஈர மரம், கருகிய சீனி. இதற்கே முதலிடம்.

எஸ்பன் தாளைப் படித்தார். சுவரைப் பார்த்தார். பிறகு சேட்டைப் பார்த்தார்.

“போன வருடம் நாலாவது சிவப்பு வைன்,” என்றார் மிகுந்த மரியாதையோடு. “இந்த வருடம் நாலாவது வெள்ளை.”

பூமி பிளக்கவில்லை, அதனால் பஸ் ஏறினான். வழியில் துரூட் அம்மா தொலைபேசியில் பிடித்துக்கொண்டார்.

“எந்தப் போத்தல்?”

“யோசித்துச் சொல்கிறேன்.”

“ஆறு மணிக்குள் சொல். பிந்தினால் மற்ற உணவகங்கள் வாங்கிவிடும். பிறகு உனக்குக் கோப்பைதான்.”

வீடு வந்தபோது ஆறுக்கு ஐந்து நிமிடம். ஜாக்கெட்டைக் கழுத்துவரை பூட்டியிருந்தான். கதவைத் திறந்த சத்தியபாமா, நெற்றியில் திருநீற்றோடு, ஜாக்கெட்டின் சிப்பை இழுத்தாள்.

“என்னப்பா இது சேட்டிலை?”

“பீற்றூட் கறி கொட்டுப்பட்டுப் போச்சு.”

அவள் சேட்டைப் பிடித்து மூக்கருகே கொண்டுபோய்க் கண்ணை மூடினாள். பன்னிரண்டு வருடக் கோப்பையும் மூன்று நாள் விரதமும் இந்த ஒரு சேட்டோடு போயிற்று என்று சிவானந்தனுக்குக் கண் கலங்கியது.

“ரெண்டாவது போத்தில்,” என்றாள் அவள். “அதுக்கு மேலை மூண்டாவதை ஆர் ஊத்தினது?”

ஏறியிருந்த வெறி முழுக்க இறங்கிவிட்டது. “உமக்கெப்பிடியப்பா தெரியும்?”

அவன் சட்டைப் பையில் தொலைபேசி அடித்தது. எடுத்தான். “எந்தப் போத்தல்?” என்ற குரல் அவளுக்கும் கேட்டது. துரூட் அம்மா.

“அஞ்சாவதெண்டு சொல்லுங்கோ,” என்றாள் சத்தியபாமா. “விடிய அந்த மண்டபத்தைத் துடைக்கேக்கையே தாளிலை எழுதி வைச்சிட்டு வந்திட்டன். ஒவ்வொரு வருசமும் மணந்து பாத்து எழுதுறதோடை சரி, சுவைக்கு ஒண்டும் எழுதிறேல்லை. விரதத்திலை வாயிலை வைக்கக் கூடாதெல்லே?”