உருண்டைக் காலும் பட்டைக் காலும்

"எல்லாச் சாக்கெட்டுலயும் நுழையற மாதிரி ஒரே ஒரு பிளக், உன்னால செய்ய முடியுமாம்மா?"

மூன்று வருடங்களுக்கு முன் தர நிர்ணயக் குழுவின் தலைவர் இப்படிக் கேட்டபோது, பட்டறை அக்கா வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "முடியும் சார்" என்று சொல்லித் தொலைத்தாள்.

அன்று முதல் அவளுக்கு மாதிரிப் பிளக் செய்கிற வேலை, தற்காலிகமாக. இன்று கடைசிக் கூட்டம். குழு பிளக்கை ஏற்றுக்கொண்டால் வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் சாயங்காலத்தோடு வீட்டுக்கு.

பிளக் விற்பவை இரண்டே கம்பெனிகள். ஒன்றுக்கு உருண்டைக் கால், மற்றதற்குப் பட்டைக் கால். இரண்டின் மேனேஜர்களும் கீரியும் பாம்புமாக மேசையின் ஆளுக்கொரு முனையில்.

உருண்டைக்காரர் மாதிரியைத் தூக்கிப் பார்த்தார். "இதுல எங்க கால் எங்கே?"

இரண்டு உருண்டைக் கால்களைச் சேர்த்தாள்.

"அப்ப நாங்க என்ன இளிச்சவாயனுங்களா?" என்றார் பட்டைக்காரர். "எங்களுக்கு மூணு போடு."

மத்தியானத்துக்குள் ஏழு கால். விட்டால் நண்டு போல மேசையைக் கடந்து ஓடிவிடும். எந்தச் சாக்கெட்டிலும் நுழையவில்லை.

"நல்ல முன்னேற்றம்" என்று தலைவர் கொட்டாவியோடு எழுதிக்கொண்டார்.

"ஓட்டைக்குள்ள போனாத்தான் அது பிளக்குன்னு இவ்வளவு படிச்சதுகளுக்குத் தெரியாதா?" பட்டறைக்கு வந்ததும் கையிலிருந்த அரத்திடம் கேட்டாள் அக்கா.

நண்டு குப்பைத்தொட்டிக்குப் போனது. புதிதாக இரண்டே இரண்டு கால் செய்தாள், நடுவில் பிளந்து. அமுக்கினால் பட்டை, விட்டால் உருண்டை.

நான்கு மணிக்குக் கூட்டத்துக்குள் புகுந்து, உருண்டைச் சாக்கெட்டில் செருகினாள். விளக்கு எரிந்தது. பட்டைச் சாக்கெட்டில் செருகினாள். அதிலும் எரிந்தது.

"இதை ஏத்துக்க முடியாது" என்றார் உருண்டைக்காரர்.

"முடியவே முடியாது" என்றார் பட்டைக்காரர். மூன்று வருடத்தில் இருவரும் ஒத்துப்போனது இதுதான் முதல் தடவை.

"நல்லாத்தானே சார் எரியுது?" அக்கா விளக்கைக் காட்டினாள்.

தலைவர் கூரையில் ஏதோ தேடினார். கார் தயார் என்று சொல்ல வந்து வாசலில் நின்றிருந்த டிரைவர்தான் பாவப்பட்டு வாயைத் திறந்தார்.

"எரியுறதுதான்க்கா தப்பு. இது எல்லாத்துலயும் நுழைஞ்சுட்டா அப்புறம் கால் மாத்துற அடாப்டரை எவன் வாங்குவான்? நேத்து இவங்க மூணு பேரும் கூட்டா ஆரம்பிச்ச அடாப்டர் ஃபேக்டரி திறப்பு விழாவுக்கு மூணு முதலாளியையும் ஒரே கார்ல ஏத்திட்டுப் போனவனே நான்தானே!"

அக்கா பிளக்கைப் பிடுங்கினாள். விளக்கு அணைந்தது. பிளக்கைப் பையில் போட்டுக்கொண்டு வெளியே நடந்தாள்.